உள்ளங்கைக் காய்ச்சல்

மிளகாய் மில்லில் முகத்தைத் துணியால் மூடிக்கட்டி, வெறுங்கையால் பொடி அள்ளுபவளை எல்லாரும் 'பரபரப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் கைகழுவிவிட்டு மகளின் நெற்றியைத் தொடுவாள், அனலாய்க் கொதிக்கும். உடனே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட்டம். மூன்றாம் தடவை டாக்டருக்கே பொறுமை போய்விட்டது.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா! தோல் நரம்புல, சூடு பட்டா திறக்கிற குட்டிக் கதவு இருக்கு. கழுவினாலும் போகாத மிளகாய்க் காரமும் அதே கதவைத்தான் திறக்குது. அதான் சாதாரண உடம்புச்சூடுகூட உங்க கைக்குக் கொதிக்குது."

மறுநாளும் நெற்றி சுட்டது. "பாழாப்போன கைதான், சும்மா இரு" என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் குனிந்து மகளின் நெற்றியில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

பகல் முழுக்க மிளகாய் படாமல் துணிக்குள் இருந்த கன்னம். அதற்கும் சுட்டது.