மரத்துக்கு இந்தப் பக்கம்

காலையில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் கிளறப் போனேன். என் களத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, இது கெஸ்ட்டுக்கு மட்டுமுங்க" என்று என்னையே தடுத்தார். செல்போனையும் காட்டினார். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா புதிதாகத் தொடங்கிய ஹோம்ஸ்டேயின் விளம்பரம். படத்தில் பாதி என் களம்.

"ஊட்டை ஒரு போட்டோ எடுத்துக்குடு கண்ணு" என்று அக்கா கேட்டதால், வீடு முழுசாகத் தெரியட்டுமே என்று என் களத்தில் நின்று அதை எடுத்ததே நான்தான்.

எங்கள் ஊர் தலைச்சோலையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சில்வர் ஓக் மரம்தான் எல்லை. வேலி போடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, அக்கா மனசு நோகும் என்று தடுத்ததும் நான்.

அக்காவிடமே போய்க் கேட்டேன். "படத்துல நொம்ப நல்லா இருந்துச்சு சாமி. நமக்குள்ள என்ன எல்லை?" என்றார்.

மாலையில் அந்த கெஸ்ட் ரிவ்யூ போட்டிருக்கிறார். 'களம் அருமை. பக்கத்து வீட்டு அம்மா மட்டும் உள்ளே வந்துவிடுகிறார்.' ஒரு ஸ்டார் குறைவு.

கீழே அக்காவின் பதில்: 'மன்னிக்கணுங்க. இனிமே அவங்க வராம பாத்துக்கறோமுங்க.'

எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்துகொள்ளவே நாளைக்கும் கொட்டை கிளறப் போகிறேன். துணைக்கு யாராவது வருகிறீர்களா?