பொட்டு வைத்த பேரிங்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மிஷினைப் பார்த்து “இதை நிறுத்துங்க” என்று சொல்லித் திட்டு வாங்குவதுதான் என் தொழில். நைட் ஷிப்ட் முடித்து, பகலில் கண்ணை மூடியும் மோட்டார் சத்தம் காதைவிட்டுப் போகாமல் புரளுகிறவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அதே இடம்

திண்டிவனம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில். வாரம் ஒரு ராத்திரி விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய், அங்கிருக்கிற மோட்டாரும் ஃபேனும் எவ்வளவு அதிர்கின்றன என்று மீட்டர் வைத்துப் பார்த்து எழுதுவேன். எந்த காலேஜும் சொல்லித் தந்ததில்லை. சுழலும் தண்டைத் தாங்கித் தாங்கியே செத்துப்போன பேரிங்குகளை அறுத்துப் பார்த்துக் கற்றது. இதில் ஒரு சட்டம் உண்டு. போன வாரம் மீட்டர் வைத்த அதே இடத்தில்தான் இந்த வாரமும் வைக்க வேண்டும்.

அதற்காக நான் போடும் பெயின்ட் புள்ளிகளை, கூட்டித் துடைக்கிற அஞ்சலை மண்ணெண்ணெய் போட்டு அழித்துவிடுவார். ஒருநாள் சண்டையே போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை விடியலில் பார்த்தால், ஒவ்வொரு பேரிங்கிலும் என் புள்ளி இருந்த இடத்தில் சந்தனம், குங்குமம்.

“பெயின்ட்டுன்னா அழுக்குண்ணே, தொடைப்பேன். பொட்ட தொடைப்பனா?”

தகரத்துக்கு ஜுரம்

அன்று முதல் அவர் வெள்ளிதோறும் வைக்கிற பொட்டைத் தேடித்தான் மீட்டர் வைத்தேன். இன்னொரு வெள்ளி காலை, பாய்லர் புகையை இழுக்கிற பெரிய ஃபேனில் மீட்டர் போன வாரத்தைப் போல மூன்று மடங்கு காட்டியது. கையெட்டும் தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் பாய்லர் ஆபரேட்டர் ஏழுமலை. ஃபேன் உடைந்தால் முதல் துண்டு அவர் மேல்தான். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நெருப்பு அடங்கியது, நெல் பாதி வேக்காட்டில் நின்றது.

சூபர்வைசர் டார்ச் அடித்தார். பொட்டு பேரிங்கில் இல்லை, பக்கத்து பெல்ட் மூடியில் இருந்தது. அந்தத் தகரம் எப்போதும் தடதடவென்று ஆடும். தூக்கக் கலக்கத்தில் என் கண் பொட்டை மட்டும் பார்த்திருக்கிறது. பேரிங்கில் மீட்டர் வைக்கக்கூட விடாமல் ஃபேனை மறுபடி ஓடவிட்டார்கள்.

ஏழுமலை ஸ்டூலில் குந்தியபடியே சொன்னார்: “தகரத்துக்கு ஜொரம்னு பாய்லரையே படுக்க வெச்சிட்டியேப்பா, நல்ல டாக்டரு!”

சுட்ட விரல்

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். அஞ்சலையும் வந்தார். “ஏம்மா பொட்ட மூடியில வெச்சே?” என்றேன். “பழைய எடத்துல வெரல் வெக்க முடியலண்ணே, சுட்டுடுச்சி” என்றார். மோதிர விரல் நுனி சிவந்திருந்தது.

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே ஓடி, மறுபடி ஃபேனை நிறுத்தச் சொன்னேன். “ஒரே நாள்ல ரெண்டு தடவையா? பேஜார் பண்ணாத, போய்த் தூங்கு” என்று சூபர்வைசர் திரும்பிக்கொண்டார். ஏழுமலை எழுந்திருக்கவில்லை. எனக்கு வாதாட வராது. ஒரு சாக்கை மடித்துப் போட்டு அவர் காலடியில், அந்த ஃபேனை ஒட்டி, உட்கார்ந்துகொண்டேன். “இன்னாப்பா பண்ற?” என்றார். “நீங்க ஏந்திரிக்கிற வரைக்கும் நானும் இங்கதான்.”

ஏழுமலை கை நீட்டி பேரிங்கைத் தொட்டார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். யாரையும் கேட்காமல் ஃபேன் சுவிட்சை அணைத்தார். ஆறியபின் திறந்தோம். குண்டுகள் வெந்து நீலம் பாரித்துக் கிடந்தன. அவற்றைப் பிடித்திருக்கும் கூடு மூன்று துண்டு.

ஏழுமலை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டார். பிறகு, என் பின்னாலேயே வந்து நின்றிருந்த அஞ்சலையிடம் மணிக்கட்டை நீட்டினார்.

“எனக்கும் இங்க ஒண்ணு வெய்யி. இவரு வாராவாரம் பாத்துக்கினு போவட்டும்.”

தூக்கத்தை விற்று நான் கற்ற வித்தையின் சாரம் இவ்வளவுதான்: மீட்டரைக் கையில் எடுக்குமுன் அஞ்சலையின் விரலை ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.