முதல் வரியில் ஒரு சுழி

இங்கே உத்ரெக்ட் நகரில், ஒருவர் எழுதிய கணினி நிரலில் மற்றவர் கைவைக்குமுன் அனுமதி கேட்பது அலுவலக வழக்கம். சென்ற வாரம் பீட்டர் என்னும் இளம் டச்சுக்காரர் என் மேசைக்கு வந்தார். "உங்கள் கோப்புகளின் முதல் வரியில் வாத்து போல ஒரு குறி இருக்கிறதே, நீக்கிவிடவா?" என்றார். "வேண்டாம், அது தொடக்கம்" என்றேன். "இயந்திரம் அதைப் படிப்பதே இல்லையே!" என்று அவர் குழம்பினார்.

சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தபோது எனக்குப் பதினேழு வயது. முனுசாமி அண்ணனின் பிரவுசிங் சென்டரில், ஆசிரியர் எவருமின்றி, இணையத்தில் கிடைத்த பாடங்களை நோட்டில் பெயர்த்தெழுதியே வலைநிரல் கற்றேன். வீட்டில் கணினி கிடையாது. நிரல் முழுவதையும் கையால் எழுதிய பின்பே தட்டச்சு செய்வேன். மளிகைச் சீட்டுக்கும் பிள்ளையார் சுழி இடும் குடும்பம் எங்களுடையது. நிரலுக்கும் இட்டேன்.

பட்டுக்கடை ஒன்றுக்கு, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த சேலையைப் பக்கம் மாறினாலும் மறவாத வலைத்தளம் தேவைப்பட்டது. அண்ணன் என்னை நம்பி அவ்வேலையை ஏற்றார். திங்களன்று கடைக்காரர் பார்வையிடுவார். தேறினால் சென்டரில் எனக்கு வேலை. தவறினால், மாமா சொல்லிவைத்த கடையில் சேலை மடிக்கச் செல்லவேண்டும்.

ஞாயிறு காலை முழுவதும் திரையில் ஒரே பிழைச்செய்தி. தேர்ந்தெடுத்த சேலை அடுத்த பக்கத்தில் மறைந்துவிடும். நிரலை மூன்று முறை திருப்பி எழுதியும் பயனில்லை.

"இன்னாபா, அதையே மொறச்சிக்கினு இருக்க?" என்று அண்ணன் எட்டிப் பார்த்தார். "மேல இன்னாது, யூ? பக்கத்துக்கு நாமம் போட்டியா, இல்ல எனக்கே போட்டுட்டியா?"

"புள்ளையார் சுழிண்ணா. இதுல தமிழ் எழுத்து இல்ல, அதான் யூ."

"கம்ப்யூட்டருக்கே புள்ளையார் சுழியா!" என்று அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அச்சிரிப்பு அடங்குமுன் எனக்கு உறைத்தது. நிரல் தொடங்குமுன் ஓரெழுத்து திரைக்குப் போய்விட்டாலும், நினைவில் வைக்கும் ஏற்பாடு செயலிழந்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். விக்கினம் தீர இட்ட எழுத்தே விக்கினமாய் நின்றிருந்தது. அழித்தேன். பக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அரக்குநிறச் சேலை அசையாமல் இருந்தது.

திங்களன்று கடைக்காரர் பார்த்துத் தலையசைத்துச் சென்றதும், அண்ணன் சென்டர் சாவியை என் கையில் வைத்தார். "நாளையிலேர்ந்து நீயே தொறபா. சுழி போட்டுட்டுத் தொற!"

போட்டேன். இரு சாய்கோடுகளுக்குப் பின் எழுதுவதை இயந்திரம் தாண்டிச் செல்லும் என்பதை அதற்குள் கற்றிருந்தேன். அன்றுமுதல் என் சுழி அவற்றின் பின்னேதான் வாழ்கிறது. கடல் கடந்தும், இப்போது தமிழ் 'உ'வாகவே, உடன் வந்துவிட்டது.

பீட்டர் அதை நீக்கவில்லை. இன்று காலையும் கோப்பைத் திறந்தேன். இயந்திரம் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கியது. நான் முதல் வரியிலிருந்து.