பின்னறையிலிருந்து போன பால்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். தைத்து வரும் சட்டைகளில் பிசிறும் விட்டுப்போன தையலும் கண்டுபிடிப்பது அவள் வேலை. யாராவது "சரியா இருக்கு, சரியா இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னால் அவர்கள் தைத்த சட்டைக் கட்டைத்தான் முதலில் பிரிப்பாள்.

குழந்தை பிறந்து விடுப்பில் இருந்தபோது இருமல் வந்தது. சாதாரணச் சளிதானே என்று விட்டுவிட்டாள். உடம்பு இளைத்து, சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனாள். சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய் என்றார் டாக்டரம்மா.

"குழந்தைக்குப் பால் குடுக்கறேனே டாக்டர்!"

"பால்ல இந்த நோய் போகாதும்மா. நீங்க இருமினா காத்துலதான் பரவும். மருந்து வேலை செய்யற வரைக்கும் குழந்தை வேற அறையில இருக்கட்டும். கையக் கழுவிட்டுப் பாலை எடுத்துக் குடுங்க, வேற யாராவது புகட்டட்டும். மாத்திரைய ஒரு வேளைகூட விட்டுடாதீங்க."

குழந்தையையும் பார்த்துத் தடுப்பு மருந்து எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். லிஃப்ட் பழுது பார்ப்பவன் அவன். வீடு திரும்பும் வழியில் குழந்தையை அவனே மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாளே அவனுடைய அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். சிரிப்பே தெரியாத முகம் அவளுக்கு. பின்னறை இவளுக்கு, முன்னறை குழந்தைக்கு என்று ஆனது. இவள் பம்பில் பாலை எடுத்து, பாட்டிலைக் கதவுக்கு வெளியே முக்காலியில் வைத்துவிட்டுத் தட்டுவாள். நாத்தனார் வந்து எடுத்துப் போவாள். குழந்தை அழுவது சுவர் தாண்டிக் கேட்டால் இவளுக்கு மார்பு கனத்துத் துணி நனையும்.

கழுவிய பாட்டில் சீக்கிரமே முக்காலிக்குத் திரும்பி வந்துவிடுவதை ஒருநாள் கவனித்தாள். இவன் மெதுவாகக் குடிக்கிற பிள்ளை ஆயிற்றே.

"அண்ணி, குடிச்சானா?"

"குடிச்சான், குடிச்சான்."

இரண்டு தடவை. அவளுக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகத் தெரிந்தது. நாத்தனார் ஏன் கதவுக்கு நேரே வருவதில்லை? ஏன் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள்? கொடியில் காய்ந்த குழந்தையின் கழுத்துத் துணியில் ஏதோ இனிப்பான மாவு வாசனை அடித்தது. 'என் பாலை விஷம்னு நினைக்கிறா, மகராசி' என்று மனதுக்குள் கறுவினாள். கணவனிடம் ஜன்னல் வழியாகச் சொன்னபோது, "அக்காவையா சந்தேகப்படற? உனக்கு வேலை புத்தி போகல" என்று சிரித்தான். கண் மட்டும் சிரிக்கவில்லை.

பின்னறை ஜன்னலுக்குக் கீழேதான் சமையலறைத் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் முடியும். அவள் அதன்மேல் ஒரு கண் வைத்தாள்.

ஒரு மத்தியானம் கணவன் சாப்பிட வந்திருந்தான். நாத்தனார் பின்பக்கம், வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு துணி காயப்போட்டுக் கொண்டிருந்தாள். முக்காலியில் வைத்த பாட்டில் கொஞ்ச நேரம் முன்புதான் போயிருந்தது. குழாயிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் வந்தது.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

தொட்டியருகே கணவன் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். மேடைமேல் மாவுப்பால் டப்பா.

"அப்போ, தினமும் நீங்கதானா?"

"கிட்ட வராத." அவன் பின்னால் நகர்ந்தான். "டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க. உன் ரத்தந்தானே பாலாகுது? என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்களா வருவாங்க?"

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? ரா பகலா பிழிஞ்சு பிழிஞ்சு குடுத்தேனே!"

சத்தம் கேட்டு உள்ளே வந்த நாத்தனாரின் வாயிலிருந்து கிளிப் விழுந்தது. "டேய், டாக்டரே பால் வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னியே! அவளுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுடும், மூச்சு விடாதன்னியே! அதை நம்பித்தானேடா நீ இல்லாதப்ப நானும் பாலைக் கொட்டிட்டு, அவகிட்ட வாய் கூசாமப் பொய் சொன்னேன்!"

அவன் காலிப் பாட்டிலைத் தொட்டியில் வைத்தான்.

அன்றே நாத்தனார் அவனை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். அவன் அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டான், டாக்டரம்மா அதே பதிலைச் சொன்னார். வந்த பிறகு நாத்தனார் கதவைத் திறந்து வைத்து, இவள் பார்க்கும்படி கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து பாலைப் புகட்டினாள். குழந்தை கண்ணை மூடி உறிஞ்சுவதைப் பார்த்து இவள் முகக்கவசத்துக்குள் அழுதாள்.

மருந்து வேலை செய்தது. மறுபடியும் சளியைச் சோதித்த டாக்டரம்மா, இனிமேல் நேராகவே பால் கொடுக்கலாம் என்றார். பாட்டிலுக்குப் பழகிய பிள்ளை முதலில் மார்பைத் தள்ளி வீறிட்டான். பிறகு பசி வென்றது. கணவன் வாசற்படியில் நின்று பார்த்தான்.

"மன்னிச்சிடு" என்றான்.

"குழந்தைக்கு மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன்."

"நாளையிலேர்ந்து என் கண்ணு முன்னாடி குடுங்க."

ஊருக்குக் கிளம்பிய நாத்தனார் பெட்டியைக் கையில் எடுத்தபடி கேட்டாள்: "உண்மையச் சொல்லு. என்னைத்தானே சந்தேகப்பட்ட?"

"ஆமா அண்ணி. உங்களை மட்டுந்தான்."

"பாவி!" என்று சொல்லிவிட்டு, வந்த நாளிலிருந்து முதன்முறையாக நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள்.