முனிரத்தினத்தின் அண்ணத்தில் கண்டது

காலை ஆறு மணிக்குச் சென்னை சென்ட்ரலில் மின்தொடர் வண்டி ஏறினேன். திருத்தணிக்கு இருபது ரூபாய்ச் சீட்டு. எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். செயற்கைப் பல் பொருத்தும் சிறப்புப் படிப்பில் எனக்கு மூன்றாம் ஆண்டு. அதன் அருகே கே.ஜி.கண்டிகையில் எங்கள் கல்லூரி நடத்தும் பல் முகாமைப் பெரிதாக நினைக்கவில்லை. மணவூர் வருமுன்பே தூங்கிவிட்டேன்.

எட்டரைக்குத் திருத்தணியில் ஆட்டோ. "இன்னிக்குக் கிர்த்திகைங்க, மலைக்கு ஒரே கூட்டம். சுத்திகினுதான் போவணும்" என்றார் ஓட்டுநர்.

பதினொரு மணிக்கு முகாமுக்கு முனிரத்தினம் வந்தார். பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் விவசாயம், அறுபது வயது. உடன் மகள் கஸ்தூரி.

"நைனா ரெண்டு வருசமா எங்ககூட உக்காந்து சாப்டறதே இல்லீங்க. தட்டை எடுத்துகினு கொல்லைக்குப் போயிடறாரு" என்றாள்.

மேல் பல்செட்டு சந்தையில் யாரோ செய்து கொடுத்ததாம்.

"கடைசியா எப்பக் கழட்டினீங்க?"

"கயட்டறதே இல்லீங்க. நல்லா கவ்விகினு கீது."

மெல்ல அசைத்து எடுத்தேன். அண்ணத்தை உறிஞ்சிப் பிடிக்க, அதன் மேல்புறத்தில் காசளவு ரப்பர் வில்லை பதித்திருந்தார்கள். விளக்கை வாய்க்குள் திருப்பினேன். வில்லை அழுத்திய இடத்தில் அண்ணமே இல்லை. துளை வழியே மூக்கின் உட்புறம் சிவப்பாகத் தெரிந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்தது. முகாமுக்கு வந்திருந்த பேராசிரியரை அழைத்தேன், அவரும் குனிந்து பார்த்தார்.

முனிரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேச்சு முழுவதும் மூக்கு வழியே காற்றாகப் போயிற்று. பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"குடிக்கிற கஞ்சி?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"செட்டு போட்டிருந்தாலும் ஓரமாகக் கசிந்து மூக்கில் வந்துவிடும்" என்றேன்.

"அதுக்குத்தான் கொல்லைக்குப் போனியா நைனா?"

அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

ரப்பரை அறுத்தெறிந்து, பல்செட்டின் மேல் மென்மையான பூச்சிட்டு, துளைக்குள் ஏதும் போகாதபடி துணி வைத்துப் பொருத்தினோம். தண்ணீர் கொடுத்தேன். மூக்கில் வரவில்லை. ஆனால் துளையின் ஓரத்துச் சதை சரியாக இல்லை. புற்றா என்று பார்க்க அன்றே சென்னையில் எங்கள் கல்லூரிக்கு வரச் சொன்னார் பேராசிரியர்.

"நடவு கீதுங்களே."

"நடவு கெடக்கட்டும், கெளம்பு நைனா" என்றாள் கஸ்தூரி.

மாலை நான்கு மணி வண்டியில் மூவரும் ஏறினோம். அரக்கோணத்தில் கஸ்தூரி டீ வாங்கினாள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தார். பாதியில் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தார். மீதியை எங்களைப் பார்த்தபடியே குடித்தார்.

சோதனையில் புற்று இல்லை என்று வந்தது. துளையை அடைக்கும் புதுப் பல்செட்டை நானே செய்தேன். சென்னையில் என்னிடம் வருகிறவர்கள் பல்லின் நிறம் ஒரு பொட்டு மங்கல் என்று வாதாடுவார்கள். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு மனிதர் ஓட்டை விழுந்த அண்ணத்தோடு ஓசையில்லாமல் வாழ்ந்திருக்கிறார். அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் பல்செட்டோடு யார் வந்தாலும், என்ன குறை என்று கேட்குமுன் கழற்றிக் காட்டச் சொல்கிறேன்.