முகம் தெரிந்த பகுதி

முனீராவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவர் ஓட்டும் பள்ளி வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். "உக்காருங்க" என்று அவர் மெல்லச் சொல்லிவிட்டால் போதும், பின்சீட்டில் ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கும் வாண்டுகள்கூடச் சட்டென்று அடங்கி பெல்ட்டைத் தேடும்.

அவருடைய வாப்பா சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருந்தவர். மகள் கல்லாவில் உட்காருவாள் என்று நினைத்தார். மகளுக்கோ ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. கல்யாணமான மறு வருஷமே உரிமம் எடுத்து வேன் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். "பொம்பளைக்கு எதுக்கு வேனு?" என்று முகம் சுளித்த உறவுக்காரர்கள் பின்னாளில் தங்கள் பேரப்பிள்ளைகளை அதே வேனில்தான் ஏற்றிவிட்டார்கள். முனீரா அதைச் சொல்லிக்காட்டியதில்லை, மறக்கவும் இல்லை.

வேனில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, உள்ளே ஒன்று என்று கேமராக்கள். உள்ளே இருப்பது பிள்ளைகளுக்காக. யார் யாரைக் கிள்ளினார்கள் என்ற வழக்குகளை அதுதான் தீர்த்துவைக்கும். வண்டி நிற்கும்போதும் ஏதாவது அசைந்தால் அது பதிவுசெய்யத் தொடங்கிவிடும். கார்களின் கண்ணாடியை உடைத்துப் பொருள் திருடுவது அங்கங்கே நடக்கிறது, கேமரா வைத்திருப்பவர்கள் எங்களுக்குக் கண்ணாக இருங்கள் என்று வட்டாரப் போலீஸ்காரர்கள் கேட்டபோது, ஃபேரர் பார்க்கில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கிலிருந்து முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் முனீரா. கண்ணாடியில் ஸ்டிக்கரும் ஒட்டிக்கொண்டார்.

இரண்டாவதாகப் பெயர் கொடுத்தவர் அற்புதராஜ். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயில் காரியம், குடியிருப்பாளர் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். கார்ப்பார்க்குக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி அதை நடத்துபவரும் அவர்தான். "சீட்டில் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள்" என்று மின்தூக்கிக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியவர்கள் இவர்கள் இரண்டு பேரும்.

அப்படிப்பட்ட முனீராதான் அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டில் பையை வைத்துவிட்டுப் போனார்.

தேவாலயப் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்ட நாள் அது. அபிகேல் என்ற எட்டு வயதுப் பெண், காது இன்னும் ஈரமாக இருக்கிறது என்று தன் காதுகேட்கும் கருவிகளை டப்பாவில் போட்டு முனீராவிடம் கொடுத்திருந்தாள். இறங்கும் அவசரத்தில் வாங்க மறந்துவிட்டாள். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாக அவள் அம்மா போன் செய்தார். தொழுதுவிட்டு உடனே இறங்கப்போகிறோம்தானே என்று டப்பா இருந்த பையை முன்சீட்டில் வைத்துவிட்டு மேலே போனார் முனீரா. மழை பிடித்துக்கொண்டது. இறங்கத் தாமதமாகிவிட்டது.

குடையோடு திறந்தவெளிக் கார்ப்பார்க்குக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வேனின் இடதுபக்கக் கண்ணாடி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தாள், நான்கு ஓரமும் வெள்ளி நிற டேப்பால் சுருக்கமில்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே பிள்ளைகளுக்காகச் சீட்டின்மேல் வைக்கும் குட்டி இருக்கைகள் நனையாதபடி வலப்பக்கம் நகர்த்தி அடுக்கப்பட்டிருந்தன. பையைக் காணோம்.

உடைத்துத் திருடிவிட்டு ஒட்டியும் வைத்துவிட்டுப் போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்?

போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, பதிவைக் கணவர் ஒலி முகம்மதுவோடு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தார். முதலில் ஒரு பெரிய கறுப்புக் குடை வருகிறது. குடைக்குக் கீழே முகக்கவசம். கையில் ஏதோ கூர்மையான சாமான். கண்ணாடி நொறுங்குகிறது, கை நீள்கிறது, பை போகிறது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அப்புறம் மழை உள்ளே அடிக்கிறது. குடை பிடித்த ஒரு பெண்மணி நின்று பார்க்கிறார், போய்விடுகிறார். ஓர் ஆள் தன் போனை எடுத்து உடைந்த கண்ணாடியைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார். இன்னும் சிலர் நடந்துகொண்டே எட்டிப் பார்க்கிறார்கள். அதற்கும் பிறகு, முதுகில் பையோடு மழையில் தொப்பலாக நனைந்த ஓர் இளைஞர் வருகிறார். அக்கம்பக்கம் பார்க்கிறார், யாரையோ கூப்பிடுகிறார், யாரும் வரவில்லை. போனை எடுக்கிறார், மறுபடி பைக்குள் வைத்துவிட்டுப் போகிறார், திரும்பி வருகிறார். கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்து இருக்கைகளை நகர்த்துகிறார். தன் பையிலிருந்து தாளும் டேப்பும் எடுத்து ஒட்டுகிறார். கேமராவுக்கு நேராக, முழு முகத்தோடு.

"யாரு பெத்த பிள்ளையோ" என்றார் ஒலி முகம்மது.

பதிவை அன்றே போலீசிடம் கொடுத்தார் முனீரா. வேறு எங்கேயும் போடவேண்டாம் என்று அதிகாரி கேட்டுக்கொண்டார். அற்புதராஜ் போன் செய்து கேட்டபோது அவருக்கும் பதிவை அனுப்பிவிட்டு, முனீரா அதையும் சொன்னார். "குடைக்காரன் யாருன்னு தெரியுதான்னு மட்டும் பாருங்கண்ணே. குரூப்ல போட்டுறாதீங்க, போலீஸ் சொல்லியிருக்காங்க."

"சரி லா, எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை காலை மகனை வேனில் ஏற்ற வந்த சுசீலா என்ற தாய், முகம் மலரப் போனை நீட்டினார். "ஆளு யாருன்னு தெரிஞ்சிருச்சாமே முனீராக்கா! நான்கூட எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இவங்களையெல்லாம் கிராஞ்சி விடுதிய விட்டு வெளியவே விடக்கூடாது."

திரையில் முனீராவின் வேன். உடைந்த கண்ணாடி வழியாக ஒரு கை உள்ளே வருகிறது, கதவு திறக்கிறது, அந்த இளைஞரின் முகம் தெரிகிறது. அவ்வளவோடு முடிந்துவிட்டது. குடை இல்லை, நீலத் தாள் இல்லை. கீழே ஆங்கிலத்தில் நாலு வரி: நம் கார்ப்பார்க்கில் கைவரிசை, வெளிநாட்டு ஊழியர், இவரைத் தெரியுமா?

அன்று பிள்ளைகளை இறக்கிவிடும்வரை எப்படி ஓட்டினோம் என்றே முனீராவுக்குத் தெரியவில்லை. நேராகப் புளோக்குக்குத் திரும்பினார். கீழ்த்தளக் கல்மேசையில் அற்புதராஜ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு வெட்டினது?"

"எதம்மா?"

"என் வேன் வீடியோவ."

அவர் கோப்பையை வைத்தார். "ஃபைலு பெருசா இருந்துச்சு, முனீரா. முழுசா அனுப்ப முடியல. அதான் முகம் தெரிஞ்ச பகுதிய மட்டும் போட்டேன். குடைக்காரன் மூஞ்சி எங்க தெரியுது? அதைப் போட்டு என்ன பிரயோசனம்?"

"திருடின மூஞ்சி தெரியல, அதனால தெரிஞ்ச மூஞ்சியத் திருடனாக்கிட்டீங்க?"

"நான் திருடன்னு எழுதலையே. இவரைத் தெரியுமான்னுதான் கேட்டிருக்கேன்."

"கேள்விக்குறி போட்டுட்டா பாவம் இல்லையாண்ணே? முழுசும் பார்த்தீங்கல்ல? ஒட்டினதையும் பார்த்தீங்கல்ல?"

"ரெண்டு பேரும் கூட்டா இருக்கலாம் இல்ல? யாரு கண்டா?"

"கேமரா கண்டுச்சு. நானும் கண்டேன். என் வேனோட கண்ண வச்சே என்னையப் பொய் சொல்ல வச்சுட்டீங்க!"

அற்புதராஜ் போனை எடுத்தார். "சரிம்மா, கோவப்படாத. இப்பவே டிலீட் பண்ணிடறேன்."

"இங்க அழிப்பீங்க. போன இடத்துக்கெல்லாம் போய் அழிப்பீங்களா?"

முனீரா வேனுக்குத் திரும்பினார்.

பதிவில் இளைஞரின் சட்டை மார்பில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது, ஏர்கான் குளிரூட்டிகளுக்குக் குழாய் பொருத்தும் கம்பெனி. முனீரா அங்கே போன் செய்தார். எடுத்த மேற்பார்வையாளர் தமிழர்தான். "ஓ, அந்த ஆளா? தங்கராஜு. நீங்கதான் வேன்காரம்மாவா? முதலாளி வீடியோ பார்த்துட்டாரு. வேலைக்கு வரவேணாம்னு ரூம்லயே உக்கார வச்சிருக்கோம். ஊருக்கு அனுப்பறதப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க. நீங்க கவலைப்படாதீங்க."

"நான் கவலைப்படறது அதுக்குத்தான்" என்றார் முனீரா. "அந்தப் பிள்ளை என் வேனைக் காப்பாத்தினவரு. முழு வீடியோவ இப்பவே உங்க முதலாளிக்கு அனுப்பறேன், பாக்கச் சொல்லுங்க. போலீஸ்லயும் விசாரிக்கச் சொல்லுங்க."

அனுப்பிவிட்டு, அதிகாரிக்கும் போன் செய்து சொல்லிவிட்டு, மாலையில் பிள்ளைகளை வீடு சேர்த்ததும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் இருக்கும் கிராஞ்சிக்கு வண்டியைத் திருப்பினார். ஒலி முகம்மதுவும் கூட வந்தார். வழியெல்லாம் வேலை முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள். திறந்த பின்பக்கத்தில் மனிதர்கள் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளை பெல்ட் போடாவிட்டால் வண்டியை நகர்த்தாத முனீரா, அந்த லாரிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அன்றைக்குத்தான் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே போனார்.

தங்கும் விடுதியின் வாசலுக்கு வெளியே தங்கராஜு வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம். வேனைப் பார்த்ததுமே கைகளைக் கட்டிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் எடுக்கலக்கா."

முனீரா வேனைவிட்டு இறங்கினார். வந்தவரிடம் யார் என்றுகூடக் கேட்காமல் முதலில் சொல்லவேண்டிய வார்த்தையா இது? "தெரியும் தம்பி. முழுசும் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கைகளை இறக்கவில்லை.

"போலீசுக்குப் போன் பண்ணியிருக்கலாமே?" என்று ஒலி முகம்மது கேட்டார்.

"பண்ணலாம்னு போன எடுத்தேன், அண்ணே. ஒடஞ்ச கண்ணாடி பக்கத்துல நிக்கிறது நானு. வந்தா யாரைக் கேப்பாங்க? போயிட்டேன். கொஞ்ச தூரம் போயிட்டுத்தான் திரும்பி வந்தேன். உள்ள சின்னச் சின்ன சீட்டா இருந்துச்சு, மழை நேரா அதுமேல அடிச்சுச்சு. காலையில பிள்ளைங்க உக்காரணுமேன்னு..."

"கேட்டாங்களா உங்களை? கம்பெனில?"

"கேக்கலக்கா. வீடியோவக் காட்டுனாங்க." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க ஊர் குரூப்புக்கும் வந்துருச்சு. என் சம்சாரம் பாத்துட்டு ராத்திரியெல்லாம் அழுதிருக்கு."

ஃபேரர் பார்க்கிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீடு வரை போயிருக்கிறது அந்தத் துண்டு. உடைந்தது தன் கண்ணாடி மட்டும்தான் என்று முனீரா நினைத்திருந்தார்.

அன்றே அவருடைய மனைவியோடு போனில் பேசினார். "தங்கச்சி, அந்த வண்டி என்னோடது. உங்க வீட்டுக்காரர் ஒரு தப்பும் பண்ணல" என்று மூன்று விதமாகச் சொன்னார். எதிர்முனையில் அழுகைதான் கேட்டது. அது எந்த வகை அழுகை என்று முனீராவுக்குப் பிடிபடவில்லை.

அந்த வாரமே தங்கராஜுவை விசாரித்த போலீஸ், அவர்மேல் சந்தேகம் ஏதும் இல்லை என்று கம்பெனிக்குச் சொன்னது. கம்பெனி அவரை மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டது. மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

முனீரா விடவில்லை. சனிக்கிழமை மாலை குடியிருப்பாளர்கள் கூடும் அறையில் எழுந்து நின்று, முழுப் பதிவையும் பெரிய திரையில் போடவேண்டும் என்றார். அற்புதராஜ், "எதுக்கும்மா, முடிஞ்சுபோன விஷயம்" என்றார். "எனக்கு முடியலண்ணே" என்று தானே ஓடவிட்டார்.

குடைக்காரன் வந்து போனான். மழை அடித்தது. குடை பிடித்த பெண்மணி நின்று பார்த்துவிட்டுப் போனார். அறையின் மூன்றாவது வரிசையில் ஒருவர் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். படம் பிடித்துக்கொண்டு போன ஆளைத் திரையில் கண்டதும் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எடுத்த படம் அன்றே குரூப்பில் வந்திருந்தது, போலீசுக்குத்தான் போகவில்லை. பிறகு தங்கராஜு வந்தார். டேப்பின் கடைசி ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"கண்ணா இருங்கன்னு கேட்டாங்க. இருந்தோமா?" என்றார் முனீரா. "அந்த வழியா எத்தனை பேர் போனோம்? நின்னவரு ஒருத்தரு. அவரைத்தான் பிடிச்சுக் குடுத்தோம். இனிமே யாராவது ஒடஞ்ச வண்டியப் பார்த்து நிப்பாங்களா?"

அற்புதராஜ் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "நான் போட்டது தப்பு" என்றார். திருத்தத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும், முழுப் பதிவிலிருந்து டேப் ஒட்டும் காட்சியோடு, முனீரா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவே எழுதிப் போட்டார். இனிமேல் எந்தப் பதிவும் நேரே போலீசுக்குத்தான், குரூப்பில் முகம் எதுவும் வரக்கூடாது என்றும் அன்று முடிவானது. அதை முதலில் எழுந்து சொன்னவரும் அவர்தான். அந்த மட்டுக்கும் முனீரா அவரை மதித்தார்.

கொஞ்ச நாளில் குடைக்காரனும் பிடிபட்டான். எதிர் வரிசையில் நின்ற டாக்சியின் கேமராவில், அவன் குடையை மடக்கித் தன் சொந்தக் காரில் ஏறியது, வண்டி எண்ணோடு பதிவாகியிருந்தது. அந்த டாக்சிக்காரர், அதிகம் பேசாத சீனப் பெரியவர், ஞாயிறன்றே அதைப் போலீசிடம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தார். வேறு வட்டாரங்களிலும் அவன் கார்களை உடைத்திருந்தானாம். பையை எங்கே எறிந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. அபிகேல் வீட்டில் கிடந்த முந்தைய, பழைய கருவிகளை மாட்டிக்கொண்டு, வேனில் யார் கூப்பிட்டாலும் இரண்டாம் முறைதான் திரும்பினாள்.

குரூப்பில் அந்தச் செய்தியையும் போட்டார்கள். வெட்டிய துண்டுக்கு நூற்றுக்கணக்கில் வசை எழுதியிருந்த குரூப்பில், அசல் திருடன் பிடிபட்டதற்குச் சில கட்டைவிரல்கள் வந்தன. "வெளிநாட்டு ஆளா, நம்ம ஆளா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். யாரும் பதில் எழுதவில்லை.

தங்கராஜு இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலைக்கு வருகிறார். வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லி முனீரா கூப்பிட்டார். "வேணாம்க்கா, அந்தப் பக்கம் நான் வர்றதில்ல" என்றார். அந்தக் கார்ப்பார்க் வழியாகத்தான் அவருக்குக் குறுக்குவழி. அதை விட்டுவிட்டு, மழையானாலும் வெயிலானாலும் பெரிய சாலையைச் சுற்றித்தான் போகிறார். வழியில் வண்டிகள் நின்றால் அவற்றை ஒட்டி நடப்பதில்லை, கைகளை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்கிறார்.

திருத்தம் போட்டாகிவிட்டது, திருடன் உள்ளே போய்விட்டான், புதுக் கண்ணாடியும் மாட்டியாகிவிட்டது, இன்னும் என்ன என்று ஒலி முகம்மது கேட்பதுண்டு. முனீராவுக்கு ஆறவில்லை. போன வாரம்கூட, யாரோ ஒரு தாய் அதே துண்டைக் காட்டி, "உங்க வேன்தானே இது, ஆன்ட்டி?" என்று கேட்டார். பிள்ளைகள் உள்ளே காத்திருக்க, முனீரா வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, தன் போனில் இருக்கும் முழுப் பதிவையும் முதலிலிருந்து போட்டுக் காட்டினார்.