இரண்டு வீட்டு மாடு

நான் அமெரிக்காவுக்குப் போகாததற்குக் காரணம் விசா கிடைக்காததுதான் என்று எங்கள் உறவுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது அம்மா கிளப்பிவிட்ட கதை. விசா எனக்குக் கிடைத்திருந்தது, பாஸ்போர்ட்டில் ஒட்டியே கொடுத்திருந்தார்கள். என் பயணத்தை நிறுத்தியது மாடு. சரியாகச் சொன்னால், ஒரு மாட்டை ஒரு ஃபைலுக்குள் எத்தனை இடத்தில் வைக்கலாம் என்ற கேள்வி. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் தஞ்சாவூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். காலையில் பாடம் நடத்துவேன். மதியத்துக்கு மேல் கல்லூரிக்காரர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பேன். துண்டுக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் ஒரு மென்பொருள் எழுதினேன். குறிப்புகளை அடுக்குகிற மென்பொருள். தலைப்பு, அதற்குள் தலைப்பு, அதற்குள்ளும் ஒன்று. வேண்டாததை மடக்கி வைக்கலாம், வேண்டும்போது விரிக்கலாம். ஒரு தலைப்பைப் பிடித்து இழுத்தால் அதன் கீழே இருப்பதெல்லாம் கூடவே வரும். இதற்கு அவுட்லைனர் என்று ஒரு பெயர் இருப்பதும், வெளிநாட்டில் இது போல நிறைய இருப்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் பார்த்துக் காப்பி அடித்திருப்பேன்.

முதலில் அதை நம்பி வந்தவர் ஒரத்தநாட்டிலிருந்து ஒரு கால்நடை டாக்டரம்மா. கன்று வீச்சு நோயைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். சினை மாடு மாதம் நிறையும் முன்பே கன்றைப் போட்டுவிடுகிற நோய் அது. ஊர்விட்டு ஊர் அது எப்படிப் பரவுகிறது என்பது அவருடைய கேள்வி. மொபெட்டில் ஊர் ஊராகச் சுற்றி, அட்டைகளில் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு, இரண்டு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்தார். ஊர், ஊருக்குள் வீடு, வீட்டுக்குள் மாடு, மாட்டுக்குள் கன்று, ஊசி, நோய். என் மென்பொருளுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

மூன்றாம் நாளே முட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மாட்டை வாரத்துக்கு விடுவார்கள். மாட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், வேறு ஊரில் அதை வளர்க்கிறவர் இன்னொருவர். கன்று ஈன்றால் ஒன்று இவருக்கு, அடுத்தது அவருக்கு. வளர்ப்பவர் வீட்டில் தீவனம் இல்லாவிட்டால் மாடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். அறுவடை முடிந்து வைக்கோல் வந்ததும் திரும்பி வரும். அதை எந்த வீட்டின் கீழ் எழுதுவது? டாக்டரம்மா இரண்டு வீட்டின் கீழும் எழுதினார். அப்புறம் ஒன்றில் மட்டும் திருத்தினார். ஒரு நாள் பார்த்தால் அதே மாடு ஒரு வீட்டில் சினையாக நிற்கிறது, இன்னொரு வீட்டில் செத்துப்போயிருக்கிறது.

"இதுக்கு என் அட்டையே தேவலாங்க," என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. ஒரு குறிப்பு இரண்டு இடத்தில் தெரிய வேண்டும், எங்கே திருத்தினாலும் இரண்டிலும் மாற வேண்டும். அப்படி எழுதி முடித்தேன். டாக்டரம்மா ஒரு வீட்டில் மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு இன்னொரு வீட்டை விரித்துப் பார்த்தார். ஊசி அங்கேயும் இருந்தது. "அடி சக்கை!" என்று என் முதுகில் ஒரு அறை விட்டார். மாடு பிடித்துப் பழகிய கை, இரண்டு நாள் வலித்தது.

அதற்குப் பிறகுதான் அவருடைய கேள்விக்கு விடை தெரிய ஆரம்பித்தது. நோய் வந்த வீடுகளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க, இது தண்ணியோட போகல, காத்தோட போகல. வாரத்து மாட்டோட வீடு மாறி வீடு போகுது. இந்த மாடு ரெண்டு வீட்டுலயும் இருந்தாத்தான் இது கண்ணுக்கே தெரியும்."

"இனிமே அட்டையெல்லாம் எதுக்கு டாக்டர்? நேரா இதுலயே எழுதுங்க," என்றேன் பெருமையாக. அவரும் அட்டையில் எழுதுவதை விட்டுவிட்டார்.

இனி என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபைலை நான் சாதாரண எழுத்தாகவே சேமித்திருக்கலாம். ஒரு குறிப்புக்கு ஒரு வரி. உள்ளே போகப் போக முன்னால் ஒரு டேப் இடைவெளி கூடுதலாக. எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்தக் காலத்திலும் திறக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. எனக்கு மட்டுமே புரிகிற கணக்கில் எல்லாவற்றையும் சுருக்கித் திணித்தேன். ஃப்ளாப்பியில் இடம் மிச்சமாகும் என்று சொல்லிக்கொண்டேன், அது சாக்கு. என் கெட்டிக்காரத்தனத்தை வேறு எவனும் பார்த்து எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"நோட்பேடுல திறந்தா கட்டம் கட்டமா வருதே, ஏங்க?" என்று டாக்டரம்மா ஒரு நாள் கேட்டார்.

"அது பாதுகாப்புக்கு டாக்டர்," என்றேன்.

நம்பிவிட்டார். என்ன மருந்து போடுகிறோம் என்பதை மாட்டுக்காரரிடம் சொல்லாமல் ஒருநாளும் ஊசி போடாதவர் அவர். எனக்கு அந்த நேர்மை அப்போது இல்லை.

அடுத்த வருடம் சென்னையில் ஒரு கம்பெனி என் மென்பொருளை வாங்கியது. கூடவே என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஃபைலின் உள் அமைப்பை வெளியாரிடம் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். ஒவ்வொரு வருடமும் கம்பெனி தருகிற எண்ணை அடித்தால்தான் மென்பொருள் திறக்கும்படி ஒரு பூட்டு எழுதச் சொன்னார்கள். அதையும் எழுதினேன். மஸ்கட்டில் வேலை பார்த்த அப்பாவின் சம்பளத்தைவிட என் சம்பளம் அதிகம் என்று தெரிந்ததும் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சில்லை. பிறகு அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்தார். அங்கேயே போய் உட்கார்ந்து வேலை செய்ய என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஞாயிறு ஆராதனையில் அம்மா எழுந்து நின்று சாட்சி சொன்னார். கர்த்தர் என் மகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறார் என்று.

கர்த்தர் கொண்டுபோவதற்கு முன்னால் எங்கள் மேலாளர் ஒரு முடிவு எடுத்தார். புதிய பதிப்பில் ஒரு குறிப்பு ஒரே இடத்தில்தான் இருக்கும். எழுதுவதும் சுலபம், ஓடுவதும் வேகம், அமெரிக்கக்காரரும் அதைத்தான் கேட்டார். பழைய ஃபைலைப் புதியதில் திறந்தால் முதல் இடத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தூக்கிவிடும். பழைய பதிப்புக்கு அந்த வருடம் முதல் எண் கிடையாது.

இரண்டே வாரத்தில் டாக்டரம்மாவிடமிருந்து அலுவலகத்துக்கு போன் வந்தது.

"ஃபைல் மாறிப்போச்சுங்க. மாடெல்லாம் இருக்கு. ஆனா ஒவ்வொண்ணும் ஒரே வீட்டுலதான் இருக்கு. பழைய ப்ரோக்ராம் திறக்கவே மாட்டேங்குது. ஆய்வேடு குடுக்க மூணு வாரந்தாங்க இருக்கு."

"அட்டைங்க இருக்கா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்கதானே வேணாம்னீங்க," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலாளரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. தாராசுரத்துக்காரர், அதனால் என்னிடம் கொஞ்சம் உரிமையாகவே பேசுவார்.

"ரெண்டு இடம் வேணுங்கிறது ஒரே ஒரு கஸ்டமர். அதுவும் மாட்டு டாக்டர். ஒரு பொருள் ஒரு இடத்துலதாம்மா இருக்கும். அதான் ஒழுங்கு."

"எங்க அப்பா மஸ்கட்ல இருக்கார் சார். எங்க வீட்டு ரேஷன் கார்டுலயும் இருக்கார். நீங்க எங்கேந்து அவர எடுப்பீங்க?"

சிரித்தார். "எனக்கும் தாராசுரத்துல ஒரு வீடு இருக்கு, இங்க ஒரு வீடு இருக்கு. அதுக்காக நான் ரெண்டு ஆளா?"

"ரெண்டு ஆள் இல்ல சார். ஒரே ஆள், ரெண்டு வீடு. அதைத்தான் நானும் சொல்றேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பழைய பதிப்பைத் திறக்க அந்த ஒருவருக்காவது எண் கொடுக்கும்படி கேட்டேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தால் என்ன என்றேன். "அமெரிக்காவுக்குக் கெளம்பற நேரத்துல உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று முடித்துவிட்டார்.

எனக்கு எதுக்கு இந்த வேலையா? பூட்டைச் செய்தவள் நான். சாவி இல்லை என்று அந்த அம்மாவிடம் வேறு யார் சொல்ல வேண்டும்?

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுத் தஞ்சாவூர் வந்து, ஒரத்தநாட்டுக்குப் பஸ் ஏறினேன். டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்து, ஃப்ளாப்பியில் மாறாமல் இருந்த பழைய ஃபைலைப் படித்துச் சாதாரண எழுத்தாக மாற்றித் தருகிற சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். ஒரு குறிப்புக்கு ஒரு வரி, முன்னால் டேப். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு எண், இரண்டாவது வீட்டிலும் அதே எண். மாலை நான்கு மணிக்கு அந்த ஃபைலை நோட்பேடிலேயே திறந்தோம். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நடுவில் ஒரு மாட்டின் பெயரைச் சொல்லி, "இருக்கு, ரெண்டு வீட்டுலயும் இருக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விடவில்லை. நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் வேறு யாராவது திறக்க வேண்டும் அல்லவா? பழைய ஃபைலின் உள் அமைப்பு முழுவதையும் இரண்டு பக்கத்தில் கையால் எழுதிக் கொடுத்தேன்.

"இதனால உங்களுக்குப் பிரச்சினை வராதுங்களா?"

"வரும் டாக்டர்."

"அப்புறம் ஏங்க?"

"குறிப்பு உங்களுது. பூட்டு மட்டுந்தான் என்னோடது."

திங்கட்கிழமை யாரும் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நானே போய்ச் சொன்னேன். கையெழுத்துப் போட்டதும் நான், மீறியதும் நான். இதில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, எனக்கு நல்லது செய்வதாக நினைத்தே ஒரு வழி சொன்னார். அந்த இரண்டு பக்கத்தைத் திருப்பி வாங்கி வர வேண்டும். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். டிக்கெட் அப்படியே இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது.

அம்மாவுக்கு போன் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

"ஒரு மன்னிப்பு கேட்டா கிரீடம் எறங்கிடுமாடி? சபையில சாட்சி சொல்லிட்டேன்! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவேன்?"

"இருக்கிற மூஞ்சியோடயே போங்கம்மா," என்று வைத்துவிட்டேன். அம்மா என்னோடு பேச மூன்று மாதம் ஆயிற்று. டாக்டரம்மா ஆய்வேட்டைக் குறித்த நாளில் கொடுத்தார் என்ற செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் கடிதம் எழுத உட்கார்ந்தபோது எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. விமானம் ஏற வேண்டும், பனி பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்! ஆனால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதியதும் அடுத்த வரி ஓடவில்லை. எதற்காகக் கேட்பது? யோசிக்க யோசிக்க, நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியம் ஒன்று உண்மையாகவே இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். உங்களுடைய குறிப்புகளை உங்களாலேயே படிக்க முடியாதபடி சேமித்தது நான். பாதுகாப்புக்கு என்று சொன்னது பொய். பூட்டையும் நானே எழுதினேன். மன்னித்துவிடுங்கள். நான் கொடுத்த இரண்டு பக்கத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.

கையெழுத்துப் போட்டு, அலுவலக அடையாள அட்டையையும் சேர்த்து மேலாளர் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். மேலே பெறுநர் என்ற இடத்தை மறுபடி பார்த்தார்.

"இது எனக்கு எழுதினது இல்லையேம்மா."

"இல்ல சார். ஒரத்தநாட்டுக்குத் தபால்ல போட்டாச்சு. இது உங்களுக்கு நகல்."